ஒரே அடுப்பு... ஆறு வயிறு!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கும் என் வைத்தியசாலைக்குக் குமணன்சாவடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். கையில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டர், சாப்பாட்டுக்கு கவர்ன்மென்ட்ல பதினேழு ரூல் போட்டிருக்காங்களாமே! ஸ்கூல்ல எழுதிட்டு வரச் சொன்னாங்கன்னு என் பொண்ணு எழுதி வெச்சிருந்தா. எடுத்துப் படிச்சேன், தலை சுத்துது. குழந்தைக்கு ஒண்ணு, மாசமா இருக்கறவங்களுக்கு ஒண்ணு, வயசானவங்களுக்கு ஒண்ணுன்னு இருக்கு. எங்க வீட்ல ஆறு பேரு. ஆறு பேருக்கும் ஆறு சமையலா பண்ண முடியும்?”

நியாயமான கேள்விதான். “வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“மாமனாருக்கு எழுபத்தி நாலு, சுகர் இருக்கு. மாமியாருக்கு அறுபத்தொன்பது, முட்டி வலி. அவருக்கு நாற்பத்தாறு, அம்பத்தூர்ல கம்பெனி வேலை. பொண்ணு பத்தாவது படிக்கிறா. நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருக்கா, ஏழாம் மாசம்.”

விரல் விட்டு எண்ணினேன். ஐந்துதான் வந்தது! “ஆறாவது யாரும்மா?” என்றேன்.

சிரித்தார். “நான்தான் டாக்டர். என்னை விடுங்க, நான் எதையாவது சாப்பிட்டுக்குவேன்.”

அந்த ‘என்னை விடுங்க’வுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அவர் கேள்விக்குப் பதில். ஆறு சமையல் வேண்டவே வேண்டாம். சமையல் ஒன்றுதான். பரிமாறுகிற கரண்டிதான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். எப்படி என்று பார்க்கலாம், வாருங்கள்.

யார் போட்ட ரூல்?

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. இந்தியர்களுக்கான உணவு நெறிமுறைகளை 1998-ல் முதன்முதலாக வெளியிட்டது இந்த நிறுவனம்தான். 2011-ல் திருத்தினார்கள். மறுபடியும் திருத்தி, 2024 மே 8-ந் தேதி வெளியிட்டதுதான் இந்தப் பதினேழு. நம் நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்குக் காரணம் சரியில்லாத சாப்பாடு என்று அதிலே மதிப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கும் மேல்! வைத்தியன் என்ற முறையில் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

ஹைதராபாத் என்றதும் ‘அது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிறுவனம் பிறந்தது நம் நீலகிரியில்! 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடி போய், 1969-ல் இப்போதைய பெயரை வாங்கிக்கொண்டது.

பெரிபெரி என்பது பி1 வைட்டமின் இல்லாமல் வருகிற நோய். கால் மரத்துப் போகும், வீங்கும், முற்றினால் இதயமே சோர்ந்துவிடும். அன்றைய சென்னை மாகாணத்தில் ஆந்திராவின் வடக்குக் கடற்கரைப் பக்கம், தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்டவர்களிடம் இது அதிகம் இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட நம் தமிழ் ஜில்லாக்களில் குறைவு. காரணம் எளிது. நெல்லைப் புழுக்கும்போது உமிக்கடியில் தவிட்டில் இருக்கும் வைட்டமின் அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பாட்டிமார்கள் வைட்டமின் என்ற பேரையே கேட்டதில்லை, ஆனால் புழுங்கலரிசியை விடவில்லை!

இதைச் சொன்னதும் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ள வேண்டாம். அதே மெக்காரிசன் 1920-களில் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுகிற மாதிரியே எலிகளுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்தார். கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். சென்னைச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள்..? கடைசி! தட்டு நிறைய அரிசி, பெயருக்குக் காய், பெயருக்கு மோர். நூறு வருஷம் ஆகியும் நம் தட்டு பெரிதாக மாறவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தட்டைத் திருப்பிப் போடுங்கள்

பதினேழையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. அதில் நம் வீட்டுக்கு முக்கியமானது ஒன்றுதான் என்பேன். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் மொத்தச் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அரிசி, கோதுமை, ராகி, கம்பு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நம் வீடுகளில் அது எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்பதை யாரும் அளந்து சொல்லத் தேவையில்லை. காலையில் நாலு இட்லி, மதியம் குவித்த சாதம், ராத்திரி தோசை. மூன்று வேளையும் அரிசிதானே!

உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு, ஒரு நாளைக்கு 2000 கலோரி என்று வைத்து, அவர்கள் சொல்லும் அளவு இது. தானியம் 250 கிராம். பருப்பு, பயறு (அல்லது முட்டை, மீன், கறி) 85 கிராம். காய்கறி 400 கிராம், அதில் 100 கிராம் கீரை. பழம் 100 கிராம். பாலோ தயிரோ 300 மில்லி. வேர்க்கடலை, எள், பாதாம் மாதிரிக் கொட்டைகள், விதைகள் 35 கிராம். எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். தானியமும் பருப்பும் காயும் சமைப்பதற்கு முந்தைய எடை.

கிராம் கணக்கு யாருக்கு வேண்டும், எங்கள் சமையலறையில் தராசா இருக்கிறது என்பீர்கள். சரி, மளிகைக் கணக்கில் சொல்கிறேன். நாலு பேர் உள்ள வீடு என்றால் அரிசி, கோதுமை, ரவை, இட்லி மாவுக்குப் போட்டது உட்பட நாளைக்கு 1 கிலோவோடு நிற்க வேண்டும். எண்ணெய் மாதம் மூன்றரை லிட்டர். பால் நாளைக்கு 1.2 லிட்டர், அதாவது அரை லிட்டர் பாக்கெட் இரண்டும் இன்னும் கொஞ்சமும். காய் மட்டும் நாளைக்கு 1.6 கிலோ!

இந்தக் கடைசிக் கணக்கைக் கேட்டதும்தான் அந்த அம்மா வாயில் கை வைத்துக் கொண்டார். “நான் ஆறு பேருக்கே அரைக் கிலோ பீன்ஸ்தான் டாக்டர் வாங்குவேன்!”

அவர் மட்டுமில்லை, முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான். 2020 மே மாதம் கொரோனாவுக்காகக் கோயம்பேடு காய்கறிச் சந்தையை நம் பக்கத்துத் திருமழிசைக்கு மாற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கே வருகிற காய் லாரியெல்லாம் சில மாதம் நம் ஊருக்கு அருகே வந்து நின்றது. அப்போதும் நம் தட்டில் பொரியல் ஒரு கரண்டிதான்!

விலை இடிக்கிறது, உண்மைதான். எல்லா வீட்டாலும் உடனே 400 கிராமுக்குப் போக முடியாது. கீரையில் தொடங்குங்கள். முருங்கை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, முளைக்கீரை, ஏதோ ஒரு கீரை தினமும் ஒரு கட்டு. பிறகு சுரை, பூசணி, முள்ளங்கி, வாழைத்தண்டு, கொத்தவரை என்று விலை குறைவான நாட்டுக் காய்களால் கூட்டு பண்ணுங்கள். சாம்பாரில் நாலு துண்டு காய் மிதப்பதை விட்டுவிட்டு, காய் நிறையப் போட்டுக் கெட்டியாக வையுங்கள். உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சாதத்துக்குத் தம்பி!

பருப்புக்கும் ஒரு வார்த்தை. தானியம் மூன்று பங்கு என்றால் பருப்பு ஒரு பங்கு. அரிசிப் புரதத்தில் இருக்கும் குறையைப் பருப்புப் புரதம் ஈடு கட்டும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டுச் செய்யும் வெண்பொங்கல் இந்தக் கணக்கில் முதல் மார்க் வாங்கும் (நெய்யை மட்டும் கொஞ்சம் பார்த்து ஊற்றுங்கள்). இட்லி மாவில் நாலுக்கு ஒன்று போடுகிறோம், அதற்குமேல் சாம்பார் சேர்ந்தால் சரியாகிவிடும். ரசம் சாதம், தயிர் சாதம் ஊறுகாய் என்று முடித்துக்கொள்ளும் ராத்திரிச் சாப்பாடுதான் பரீட்சையில் கோட்டை விடுகிறது.

சிறுதானியம் பற்றிக் கேட்பீர்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது முதல் தினை, வரகு, சாமை எல்லாம் ராஜா ஆகிவிட்டன. நல்லதுதான். ஆனால் அவையும் அந்த 250 கிராமுக்குள்ளேதான்! சாதத்தைக் குறைக்காமல் மேலே ஒரு கிண்ணம் கம்பங்கூழ் என்றால் சுகர் குறையாது. சிறுதானிய பிஸ்கட் என்று சர்க்கரையும் கொழுப்பும் போட்டு விற்பதை நான் சிறுதானியத்தில் சேர்ப்பதில்லை.

உப்பு ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் 1 கிலோ உப்பு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது, தேதி போட்டு வைத்துப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு, மிக்சர் உப்பு இந்தக் கணக்குக்கு உள்ளே வர வேண்டும், வெளியே அல்ல. “இந்துப்புதான் டாக்டர் போடறோம்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு, சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: இந்துப்பும் உப்புதான். அளவு அதேதான். அயோடினும் சேராது. சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும்.

சர்க்கரை, நாள் முழுக்க 25 கிராமுக்குள், அதாவது ஐந்து டீஸ்பூன். கம்பெனியில் ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால்... அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கணக்கு டீயிலேயே இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அவருக்கு நான் சொன்ன பத்தியம் அவ்வளவுதான்: டீயை மூன்றாக்குங்கள், ஸ்பூனை ஒன்றாக்குங்கள், டிபன் பாக்ஸில் சாதத்தை ஒரு கை குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ பொரியலோ வையுங்கள். நாற்பத்தாறு வயதில் தொப்பையோடு இருக்கும் ஆணுக்கு வேறு ரகசியம் இல்லை.

ஏழாம் மாசத்துக்காரிக்கு

“ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்று மாமியார் மகளுக்கு இரண்டு மடங்கு சாதம் போடுகிறாராம். தாயன்பு! ஆனால் நாலாம் மாதத்திலிருந்து கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளைக்கு 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, முடிந்தது கணக்கு. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடலாம். அவளுக்குப் பெருக வேண்டியது புரதமும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும். சாதம் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காமல் விழுங்க வேண்டும். மலம் கறுத்துப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறார்கள். கறுக்கத்தான் செய்யும், அதில் பயம் ஒன்றுமில்லை.

பிரசவம் ஆனபிறகுதான் எங்கள் துறைக்குக் கெட்ட பேர் வருகிறது! பூண்டு, சுறாப்புட்டு, நெத்திலி, பால், பிரசவ லேகியம் என்று கொடுக்கும் வரை பத்தியம் நல்லதே. ஆனால் அதே பத்தியத்தின் பேரைச் சொல்லிக் கீரை கூடாது, பழம் கூடாது, தயிர் கூடாது என்று தடுப்பதும், ‘வயிறு பெருத்துடும்’ என்று தண்ணீரே கொடுக்காமல் தொண்டை வறள வைப்பதும் எந்த வைத்தியத்திலும் சேர்த்தி இல்லை. பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 கலோரி அதிகம் வேண்டும். கர்ப்ப காலத்தைவிட அதிகம்! தண்ணீரும் அதிகம் வேண்டும். அப்போது போய்க் கையைக் கட்டினால் பால் எங்கிருந்து வரும்?

குழந்தை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ ‘சேனை’ தொட்டு வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து விஷமாகும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த சாதம், பருப்பு, மசித்த காய், முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி. தெளிந்த பருப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்து ஏமாற்றாதீர்கள், சத்து அடியில் நிற்கும் பருப்பில்தான் இருக்கிறது.

பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு

காலையில் ஏழரைக்கு டியூஷன் முடிந்து, எட்டேகாலுக்கு ஸ்கூல் பஸ். நடுவில் ஒரு டீ, நாலு பிஸ்கட். மதியம் டப்பாவில் லெமன் சாதம், சிப்ஸ். சாயங்காலம் பப்ஸ். இதுதான் அந்தப் பெண்ணின் சாப்பாடு. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதே வயதுப் பையனுக்கு 22. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்பு அல்லவா!

டீதான் இங்கே வில்லன். அதில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கொண்டு குடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று புதிய நெறிமுறையில் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் இரும்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகும். முருங்கைக் கீரைப் பொரியல் வைத்தால் தட்டில் ஒரு நெல்லிக்காயும் வையுங்கள். லெமன் சாதம் கட்டினால் சிப்ஸை எடுத்துவிட்டு அவித்த முட்டையோ கொண்டைக்கடலையோ வையுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள்.

இதே வயதுப் பையன்கள் ஆவடி, அம்பத்தூர் ஜிம்களில் புரதப் பவுடர் டப்பாவோடு திரிகிறார்கள். நெறிமுறை அதை வேண்டாம் என்றே சொல்கிறது. இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பயறும் செய்யாததை அந்த டப்பா செய்துவிடப் போவதில்லை, உங்கள் பர்ஸைக் காலி செய்வதைத் தவிர!

நான் செய்த தப்பு

வயதானவர்கள் விஷயத்துக்கு வரும்போது என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருஷம் இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சுகருக்காக என்னிடம் வந்தார். பத்தியம் என்றால் கடுமையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த காலம் எனக்கு. அரிசி கூடாது, கிழங்கு கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, பழம் கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மனிதர் பட்டாளத்துக்காரர் மாதிரி அப்படியே கடைப்பிடித்தார். மூன்று மாதம் கழித்து சுகர் நன்றாகக் குறைந்திருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அவர் மனைவிதான் சொன்னார். “சுகர் குறைஞ்சுது டாக்டர். ஆனா கீழ உக்காந்தா இவரால எழுந்திருக்க முடியல. போன வாரம் பாத்ரூம்ல விழுந்துட்டார்.”

தொடையைத் தொட்டுப் பார்த்தேன். சதை கரைந்து எலும்பு தட்டியது. சுகரைக் குறைக்கிறேன் என்று அவர் காலைக் குறைத்துவிட்டேன். எழுதிக் கொடுத்த தாளில் ‘கூடாது’ பதினான்கு இருந்தது. ‘சாப்பிடுங்கள்’ என்று ஒன்றுகூட இல்லை. அன்று முதல் ‘கூடாது’ என்று ஒன்று எழுதினால், பதிலுக்கு என்ன சாப்பிடலாம் என்று பக்கத்திலேயே எழுதித்தான் கொடுக்கிறேன்.

வயதாக ஆக உடம்புக்கு வேண்டிய சக்தி குறையும். ஆனால் புரதத் தேவை குறையாது. நம் வீட்டில் நடப்பதோ தலைகீழ். பல் இல்லை, ஜீரணம் இல்லை என்று சொல்லி ரசஞ்சாதம், கஞ்சி, ரொட்டிப் பால். சக்தி மட்டும் போகிறது, சதைக்கு ஒன்றும் போவதில்லை. மாமனாருக்கும் மாமியாருக்கும் தனிச் சமையல் வேண்டாம். அதே சாம்பாரில் அடியில் இருக்கும் பருப்பை அள்ளிப் போடுங்கள், மேல் தண்ணீரை அல்ல. அதே கீரையை அவர்களுக்குக் கடைந்து கொடுங்கள். முட்டையைக் குழைவாகப் பொரித்துக் கொடுங்கள். தயிர், ஊறவைத்துப் பொடித்த வேர்க்கடலை, முள் எடுத்த மீன் கொடுக்கலாம். காலை வெயிலில் கொஞ்சம் நடை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதம், உப்பு, பழம் எல்லாவற்றுக்கும் தங்கள் மருத்துவர் சொல்லும் அளவையே கேளுங்கள், என் கட்டுரையை அல்ல.

‘எல்லாம் நம் சித்தர்கள் அன்றே சொன்னதுதான்’ என்று நான் முடிப்பேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். வாத, பித்த, கபம் என்று வயதைப் பிரித்து, காலத்துக்கும் தேகத்துக்கும் தக்கபடி உண்ணச் சொன்னவர்கள் அவர்கள். தேரையர் பேரால் வழங்கும் பதார்த்த குண சிந்தாமணியில் நாம் சாப்பிடும் பொருள்களின் குணங்கள் வரிசையாக உண்டு. ஆனால் யாருக்கு எத்தனை கிராம் இரும்பு என்ற கணக்கை அவர்கள் சொல்லவில்லை, அது இந்தக் காலத்து ஆய்வுக்கூடம் சொன்னது. இரண்டையும் வைத்துக் கொண்டுதான் நான் வைத்தியம் பார்க்கிறேன். பெருமைக்காக ஒன்றை மறைப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

அந்த ஆறாவது ஆள்

இப்போது ‘என்னை விடுங்க’ என்றவரிடம் வருகிறேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிப் போயிருந்தது. நகமும் அப்படியே. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? வாங்குகிறது. மாதவிலக்கில் அதிகம் போகிறதா? ஏழு நாள். “வயசாகுதில்ல டாக்டர், அதான்னு நினைச்சேன்.” நாற்பத்திரண்டு ஒரு வயதா!

ரத்தம் பார்க்கச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.4. அவருக்கு 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அவர் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டேன். காலை ஐந்தரைக்கு டீ. எல்லோரையும் அனுப்பிவிட்டு, மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, துணி போட்டு, பதினொரு மணிக்கு மிஞ்சின இட்லி இரண்டு, கூடவே இரண்டாவது டீ! மதியம் மூன்று மணிக்குப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சாதமும் குழம்பும். பொரியல் தீர்ந்து போயிருக்கும். ராத்திரி பத்துக்கு, இருந்தால் ஒரு தோசை. முட்டை வாங்கினால் வீட்டுக்காரருக்கு, பெண்ணுக்கு, நாத்தனாருக்கு. அவருக்கு?

“எனக்கெதுக்கு டாக்டர்...”

எதற்கா? வயது வந்த ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும். பெண்ணுக்கு 29 வேண்டும். ஒன்றரை மடங்கு! சாதம் வேண்டுமானால் ஆணுக்கு அதிகம் போடுங்கள், கீரையும் பருப்பும் முட்டையும் பெண்ணுக்குக் குறையக்கூடாது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்கள் எல்லாரும் சோற்றுக்கு இல்லாதவர்கள் அல்ல. ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் உள்ள வீட்டில், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர்களும் இதில் இருக்கிறார்கள்.

சாப்பாடு மட்டும் 8.4-ஐத் தூக்கிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் நல மருத்துவரிடம் போய் ரத்தப்போக்குக்குக் காரணம் பார்க்கச் சொன்னேன். இரும்பு மாத்திரை தொடர்ந்து எடுக்க வேண்டும். பூச்சி மாத்திரையும். எங்களிடம் அன்னபேதிச் செந்தூரம் இருக்கிறது, அதுவும் இரும்பு மருந்துதான். ஆனால் மாத்திரையோடு அதையும் சேர்த்துத் தாங்களாகவே கடையில் வாங்கிச் சாப்பிடக்கூடாது, இரும்பு அளவு மீறினால் கெடுதல். ஏதாவது ஒன்று, வைத்தியர் சொன்ன அளவில்.

பிறகு அவர் கொண்டு வந்த தாளின் பின்பக்கம் மூன்றே வரி எழுதிக் கொடுத்தேன். காலைப் பலகாரம் எட்டு மணிக்கு, டீ அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. சமைத்து முடித்ததும் பொரியல், கீரை, பருப்பில் உங்கள் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். வாங்குகிற முட்டையில் ஒன்று உங்களுடையது.

“மாமியார் என்ன நினைப்பாங்களோ...” என்றார்.

“அவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க. முட்டி வலிக்கு நான் பேசறேன், அப்படியே இதையும் பேசறேன்” என்றேன்.

போன வாரம் மாமியாரோடு வந்தார். முட்டியைப் பார்த்து முடித்ததும் பெரியம்மாவிடம் மருமகளின் ரத்தச் சீட்டைக் காட்டி 8.4 என்றால் என்ன என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். “எனக்கும் இந்த வயசுல படியேறினா மூச்சு வாங்கும் டாக்டர். யாரும் பார்க்கல” என்றார்.

இப்போது மருமகளின் கிண்ணத்தை அவர்தான் எடுத்து வைக்கிறாராம். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். பத்தாவது படிக்கும் பெண்ணையும் அன்றைக்கே கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.